உபயம்

பள்ளிக்கூடத்து முன்னேற்ற அறிக்கையில் ஆக அடியில் ஒரு கோடு போட்டிருக்கும். கோட்டுக்குக் கீழே 'பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம்' என்று அச்சடித்திருக்கும். பெரும்பாலான பெற்றோர்களுக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு நெடுங்காலம் இந்தக் கோட்டின் நீளத்தைத் தாண்டவில்லை. அங்கே கைநாட்டு வைத்த தகப்பன்மார்கள் இருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தும் அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறதென்று படிக்க முடியாத தாய்மார்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கையெழுத்து சம்மதத்தின் அடையாளம் என்பது சட்டம். எதற்குச் சம்மதம் என்று தெரியாமல் போட்ட கையெழுத்து எதன் அடையாளம் என்பதைச் சட்டம் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் இதை யோசிக்க வேண்டி வந்தது ஊரில் 'எழுதுகிறவன்' என்று பெயர் வாங்கிய வினையால். எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னைக் 'கல்வியாளர்' என்று சேர்த்துவிட்டார்கள். நூற்றைம்பது பிரதி அச்சாகிற பத்திரிகையில் கவிதை எழுதுகிறவனைக் கல்வியாளன் என்று அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றிய முதல் ஆள் அந்தத் தலைமையாசிரியராகத்தான் இருப்பார். பள்ளியின் பெயர் வேண்டாம். நல்ல மனுஷர், நல்ல பள்ளி. நான் சொல்லப்போவது எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியது.

2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்களாக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சிக்குத் திட்டம் எழுதுவதும் அவர்கள் வேலை. காகிதத்தில் இது புரட்சிகரமான விஷயம். தாலுக்கா ஆபீஸில் நாற்காலி நுனியில்கூட உட்காரச் சொல்லப்படாத ஜனங்களை, பள்ளியின் கணக்கைப் பார் என்று ஒரு சட்டம் சொல்கிறது. சட்டம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் வரை இங்கே பல பள்ளிகளில் குழு என்பது ஒரு நோட்டுப் புத்தகமாக மட்டுமே இருந்தது. 2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் பெற்றோர்களைக் கூட்டினார்கள். பிறகு குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். இருபது பேர், தலைமை ஒரு தாய்க்கு. 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து இருபத்துநாலு பேராக்கினார்கள்.

எண்ணிக்கை இருக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டியிருந்த தோரணத்தையும், வாசலில் போட்டிருந்த கோலத்தையும், பிள்ளைகள் செய்து வைத்திருந்த அட்டைச் சூரிய மண்டலத்தையும் பார்த்தபோது எனக்கு என் தாத்தாவின் கடிகாரம்தான் நினைவுக்கு வந்தது.

அது வேறு காலம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் தகப்பன் தொழிலைத் தகப்பனிடம் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, மறு வருஷமே காமராஜர் அதை எடுத்துவிட்டார். இந்தத் திட்டத்தை எதிர்த்து நிறையப் பேசியாயிற்று, எழுதியாயிற்று. ஒரு விஷயத்தை மட்டும் யாரும் அழுத்திச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பெற்றோர்களைக் கல்வியில் ஒரு தரப்பாக அங்கீகரித்த முதல் பெரிய அரசாங்க யோசனையே இங்கே அதுதான். 'உனக்குத் தெரிந்ததை உன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடு' என்பது கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! ஆனால் வண்ணானும் தோட்டியும் கூலிக்காரனும் தனக்குத் தெரிந்தது தன் பிள்ளைக்குத் தெரியாமல் போக வேண்டும் என்பதற்காகவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறான். அவனை ஆசிரியனாக்குகிற கௌரவம் அவனுக்கு விதித்த தண்டனைதான். 'பெற்றோர் பங்கேற்பு' என்ற பேச்சு வரும்போதெல்லாம் அதில் எந்தப் பெற்றோர், எதில் பங்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பதற்கு இந்தப் பூர்வ கதை ஒரு காரணம்.

அடுத்து வந்தது நெ. து. சுந்தரவடிவேலுவின் காலம். 1954இல் பொதுக்கல்வி இயக்குநரானவர். பணமில்லாத அரசாங்கத்தை வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் பள்ளி திறக்க வேண்டியிருந்தது, ஊரையே கேட்டார். ஊர்க்காரர்கள் அரிசியும் காய்கறியும் கொடுத்து மதிய உணவு நடந்தது. 1958இல் செங்கல்பட்டு ஜில்லா கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. அதன் பின் மாநிலம் முழுக்க மாநாடுகள். ஒரு வட்டாரத்தின் பள்ளிகளுக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஊர்க்காரர்கள் கொடுப்பதை மேடையில் அறிவிப்பார்கள். பெஞ்சு, கரும்பலகை, பூகோள உருண்டை, மணி, ரேடியோ, சீருடைத் துணி, சாப்பாட்டுத் தட்டு. இடம் கொடுத்தவர்கள் உண்டு, கட்டடம் கட்டித் தந்தவர்கள் உண்டு. ஒரு திருவிழா மாதிரியே நடந்ததென்று அப்பா சொல்வார். மேளம், பந்தல், வரிசைத் தட்டில் சாமான்கள். சீர் கொண்டுபோவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

எங்கள் தாத்தா அப்படி ஒரு மாநாட்டுக்கு, மல்லாட்டை விற்ற பணத்தில், ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு மணி பார்க்கத் தெரியாது. நிழலைப் பார்த்து நேரம் சொல்லிவிடுவார்; அநேகமாகச் சரியாகவே இருக்கும். கடிகாரத்துக்குக் கீழே எனாமலில் 'உபயம்' என்று எழுதி அவர் பெயரை எழுதியிருந்தார்கள். அந்தப் பெயரையும் அவரால் வாசிக்க முடியாது. நாங்கள் அந்தப் பள்ளியில் படித்த காலத்திலேயே கடிகாரம் நின்றுபோயிருந்தது. பெயர் மட்டும் இருந்தது.

உபயம் என்ற சொல்லை யாரும் யோசித்துப் போட்டிருக்க மாட்டார்கள். கோயிலிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நம் கோயில்களில் குழல் விளக்கில் வெளிச்சம் வருகிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் இருக்கும். எலவனாசூர்க் கோயிலில் அதையே கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். சோழர் காலத்திலிருந்து யார் என்ன கொடுத்தார் என்பதை அந்தச் சுவர்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கல்வெட்டில் இறையானரையூர் என்று வருகிற இந்த ஊர் சதுர்வேதிமங்கலம் என்றும் பட்டம் சுமந்திருந்தது. அதாவது நாலு வேதமும் கற்றவர்களுக்கென்று விட்ட ஊர். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே கல்விக்கு நிலம் இருந்தது என்று இதை வைத்து மேடையில் பெருமைப்படலாம், பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலத்தில் உழுதவன் வீட்டுப் பிள்ளை என்ன கற்றது என்று கல்வெட்டில் இல்லை.

உபயம் கொடுப்பவன் வெளியே நிற்கிறவன். நெய் கொடுக்கலாம், விளக்குக் கொடுக்கலாம், ஆடு மாடு கொடுக்கலாம். உள்ளே என்ன மந்திரம் சொல்கிறார்கள் என்று கேட்க முடியாது. சுந்தரவடிவேலு செய்தது மகத்தான காரியம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் தலைமுறை அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்துதான் எழுதக் கற்றது. ஆனால் அந்த மாநாடுகள் பள்ளியை ஊரின் சொத்தாக ஆக்கியபோதே இன்னொரு கோயிலாகவும் ஆக்கிவிட்டன என்று இப்போது தோன்றுகிறது. கடிகாரம் கொடுத்தவர், வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பது அவருக்குத் தோன்றியிருக்கவே முடியாது. 'கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க வாத்தியாரே' என்று சொல்லிப் பிள்ளையை விட்டுவிட்டு வருவதுதான் சம்பிரதாயம். இதை நாம் கொடுமை என்று மட்டும் படிக்கிறோம். அதில் ஒரு சரணாகதி இருக்கிறது: எனக்குத் தெரியாத உலகத்துக்கு இவனைக் கொண்டுபோ, நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இந்தச் சரணாகதியை அக்கறையின்மை என்று அர்த்தம் செய்வது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுகிற குடும்பங்களுக்கென்று கல்விச் சந்தைகள் வைக்கிறார்கள். பள்ளி வளாகத்தில் மேஜைகள் போட்டு, அவர்கள் பாஷையிலேயே மதிப்பெண் அட்டையை எப்படிப் படிப்பது, ஆசிரியரிடம் என்ன கேட்பது, காலேஜுக்கு எப்படி மனுப் போடுவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த மெக்ஸிகோ வம்சாவளிப் பெற்றோர்கள் பள்ளிப்பக்கம் வருவதே இல்லை, அவர்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று அங்கே வாத்தியார்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்பானிஷில் 'எதுகாஸியோன்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தின் 'எஜுகேஷன்' அர்த்தம் மட்டும் இல்லை. பெரியவர்களிடம் மரியாதை, நடத்தை, வளர்ப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். வளர்ப்பு எங்களுடையது, எழுத்து உங்களுடையது என்று அந்தத் தாய் பிரித்துவைத்திருக்கிறாள். வாத்தியார் வேலையில் தலையிடாமல் இருப்பதை அவள் மரியாதை என்று நினைக்கிறாள். நம் ஆயாக்களும் அதையேதான் நினைத்தார்கள். இதே ஜனங்கள்தான், மெண்டெஸ் என்ற ஒரு குத்தகை விவசாயியின் குடும்பமும் இன்னும் சில குடும்பங்களும் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளை 'மெக்ஸிகன் பள்ளி' என்று தனியாக ஒதுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டு 1947இல் ஜெயித்தவர்கள். அமெரிக்கா முழுமைக்கும் கறுப்பர்-வெள்ளையர் பள்ளிப் பிரிவினை சட்டவிரோதம் என்ற தீர்ப்பு வந்ததே 1954இல்தான். அக்கறையில்லாதவர்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை.

எங்கள் பக்கம் திரும்பினால், மேற்கே கல்வராயன் மலை. ஜாகீர்தார்களின் கையிலிருந்து அந்த மலை அரசாங்கத்தின் கைக்கு முழுசாக வந்தது 1976இல்தான். நாடு சுதந்திரமடைந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து. மலையாளி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற அந்த ஜனங்கள் வருஷத்தில் பல மாதம் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் மிளகு பறிக்க, காப்பித் தோட்ட வேலைக்கு என்று போய்விடுகிறார்கள். பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியிலோ தாத்தா பாட்டியிடமோ இருக்கும். சில பிள்ளைகள் கூடவே போய்விடும். கலிஃபோர்னியாவில் பயிரைத் துரத்திக்கொண்டு ஊர் ஊராகப் போகிற குடும்பங்களின் கதையும் இதுவே. அவர்கள் பிள்ளைகளுக்கென்று அமெரிக்க அரசாங்கம் 1966இலேயே தனித்திட்டம் போட்டது. நம் சட்டத்தில் பெற்றோர் என்பவர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊரில் இருக்கிறவர். குடகில் இருக்கிற தாய்க்கு வெள்ளிக்கிழமை எங்கே?

கூட்டத்துக்கு வருகிறேன்.

முதல் சில கூட்டங்களில் ஒன்றும் நடக்கவில்லை. தலைமையாசிரியர் பேசினார், நாங்கள் கேட்டோம், கையெழுத்துப் போட்டோம். அதே கோடு, இப்போது பதிவேட்டில். தலைவரான பெண்மணி, நூறுநாள் வேலைக்குப் போகிறவர், தன் தலைமையில் கூட்டம் நடக்கும்போது தரையில் உட்கார்ந்திருப்பார். நாற்காலி போட்டால் 'இருக்கட்டுங்க சார்' என்று விடுவார். கழிவறைக்குத் தண்ணீர், சுற்றுச்சுவர், சத்துணவுக்கூடத்து ஓடு என்று விஷயங்கள் வரும். இதில் பெற்றோர்கள் பேசினார்கள்; தண்ணீரும் சுவரும் அவர்களுக்குத் தெரிந்த விஷயம். படிப்பு என்று வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். எனக்கு மறுபடி கடிகாரம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, பின்வரிசையில் ஒரு பெண். குழு உறுப்பினர்கூட இல்லை; நாத்தனார் வரவில்லை என்பதற்காக வந்தவர். கரும்பு வெட்டுகிற வேலை. எழுந்து, யாரையும் பார்க்காமல், கேட்டார்:

"எம்புள்ள ஏழாவது படிக்கிறான் சார். கடையில குடுத்த துண்டு நோட்டீச எடுத்துப் படிடான்னா முழிக்கிறான். வருசா வருசம் பாஸ் போட்டு அனுப்புறீங்க. எப்பிடி சார் பாஸ் போட்டீங்க?"

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக்கூடாது என்ற விதியைச் சொன்னார். அது நியாயமான விதிதான். நிறுத்திவைத்தால் யார் வீட்டுப் பிள்ளைகள் நின்றுபோகும் என்பது நமக்குத் தெரியும். பிறகு, எல்லா வாத்தியார்களும் கடைசியில் சொல்வதைச் சொன்னார்: "வூட்ல நீங்களும் கொஞ்சம் உக்காத்தி வெச்சிப் பாக்கணும்மா."

"வூட்ல பாக்கத் தெரிஞ்சா இங்க இன்னாத்துக்கு சார் அனுப்புறேன்?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. எனக்கு பார்பியானாப் பள்ளிப் பையன்களின் புத்தகம் நினைவுக்கு வந்தது. இத்தாலியில் தாஸ்கனி மலைக்கிராமத்தில், மிலானி என்ற பாதிரியாரிடம் படித்த எட்டுப் பையன்கள், தங்களை ஃபெயிலாக்கிய ஆசிரியைக்குக் கடிதமாக எழுதியது, 1967. தமிழிலும் வந்திருக்கிறது. கடிதம் ஆசிரியைக்கு என்றாலும் புத்தகம் பெற்றோர்களுக்காகத்தான், அவர்கள் சங்கமாகச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் என்று தொடக்கத்திலேயே அந்தப் பையன்கள் சொல்லிவிடுகிறார்கள். நாம் அதை வகுப்பறை விமர்சனமாகவே படித்து முடித்துவிட்டோம். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளிக் காலத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதைக் கொண்டாடி எழுதியவர்கள் நம்மிலேயே உண்டு. ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்த வகுப்புகளில் உட்கார்ந்த பெண்கள் பிறகு தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்குள் என்னவாக நுழைந்தார்கள் என்று நாம் தொடர்ந்து போய்ப் பார்த்தோமா என்றால், எனக்குத் தெரிந்த வட்டத்தில், இல்லை.

அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணங்கள் இருக்கின்றன. 2022 ஜூலை 17. அதே சேலம் சாலையில் மேற்கே, சின்னசேலத்துக்குப் பக்கம் கனியாமூரில், ஒரு தனியார் பள்ளி விடுதியில் மாணவி ஒருத்தி இறந்துபோன நாலாவது நாள், கும்பல் உள்ளே புகுந்து பள்ளிப் பேருந்துகளையும் கட்டடத்தையும் கொளுத்தியது. மார்ச்சில் தோரணம் கட்டிய அதே ஜில்லா. அந்தச் சாவைப் பற்றியோ கும்பலைப் பற்றியோ தீர்ப்புச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. பணம் கட்டுகிற ஜன்னல் தவிர வேறு வாசல் தனக்குத் திறக்காத ஒரு கட்டடத்தைப் பார்த்து வருஷக்கணக்காக நிற்கிற தகப்பன் தாய்களைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். தனியார் பள்ளிகளின் பெற்றோர் கூட்டத்தில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்று, பிள்ளையைப் பற்றிய புகாரைக் கேட்டு, தலையாட்டிவிட்டு வருவதைப் பங்கேற்பு என்று சொல்ல முடியுமா?

தீர்மானப் பதிவேட்டை எழுதுகிற வேலை என்னுடையது. பாஷை தெரிந்தவன் அல்லவா. அந்தப் பெண்ணின் கேள்வியை எழுதப்போனபோது, கேள்வியைத் தீர்மானமாக எழுத முடியாது என்றார் தலைமையாசிரியர். வாஸ்தவம். பதிவேட்டில் கேள்விக்குப் பத்தி இல்லை. 'ஏழாம் வகுப்பு மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்தச் சிறப்புப் பயிற்சி அளிப்பதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று சொல்லச் சொல்ல எழுதினேன். வாக்கியம் ஒழுங்காக இருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னார் அந்தப் பெண். வாசித்தேன்.

"நான் கேட்டது இது இல்லியே" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தலைவர், தரையில் உட்கார்ந்திருந்தவர், முதல்முறையாகக் கூட்டத்தின் விஷயமாக வாய் திறந்தார். "புள்ளைங்கள எங்க முன்னால படிக்கச் சொல்லுங்க சார். மாசத்துக்கு ஒருவாட்டி. நாங்க கேக்கறோம்."

"உங்களுக்கு எழுத்து தெரியாதேம்மா, சரியாப் படிக்கிறானான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" தலைமையாசிரியர் இதை ஏளனமாகக் கேட்கவில்லை. நானே கேட்டிருப்பேன்.

"நிக்குதா, ஓடுதான்னு தெரியாதா சார்?"

கூவாகம் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் ஏன் வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நடுநாட்டுக் கிராமங்களில் திரௌபதை அம்மன் கோயில்களில் நாள்கணக்காகப் பாரதம் வாசித்துப் பிரசங்கம் நடப்பது அவ்வளவாக வெளியே தெரியாது. இந்தப் பெண்களின் ஆயாக்கள், அம்மாக்கள், இவர்களும்தான், பொழுது சாய்ந்தபின் அந்தப் பந்தலில் உட்கார்ந்து கேட்டவர்கள். பிரசங்கியார் ஒரு இடத்தில் தடுமாறினால் பந்தலின் கடைசியில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிற கிழவிக்குத் தெரிந்துவிடும். எழுத்துத் தெரியாதவர்கள் என்று நாம் சொல்வது ஒரு கணக்குத்தான். கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் எங்கள் கவியரங்குகளில் இருப்பவர்கள் கொஞ்சம் கூச வேண்டியிருக்கும்.

மறுமாதம் வாசிக்க வைத்தார்கள். பெண்கள் பதினோரு பேர், ஆண்கள் இரண்டு பேர். நானும் ஆசிரியர்களும் ஓரமாக. ஏழாம் வகுப்பிலிருந்து ஒவ்வொருவராக வந்து பாடப்புத்தகத்தைப் பிரித்துப் படித்தார்கள். சில பெண்பிள்ளைகள் ஓடினார்கள். ஒரு பையன் மனப்பாடமாக ஒப்பித்தான். பக்கத்தை மாற்றிவைத்தும் அதையே சொன்னான். முன்வரிசையில் இருந்த ஒருவர், "இவன் கண்ணு பொஸ்தகத்துல இல்ல சார்" என்றார். இருபது வருஷம் வாத்தியாராக இருந்தவர் அதைக் கவனித்திருக்கவில்லை.

கேள்வி கேட்டவரின் பையன் ஐந்தாவதாக வந்தான். மூன்று வார்த்தை படித்தான். நாலாவது வார்த்தையில் கூட்டெழுத்து வந்து நின்றது. எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்த ஆசிரியையை அவன் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். வெளியே சத்துணவுப் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பையன் எழுத்தெழுத்தாகக் கூட்டினான். ரொம்ப நேரம் ஆயிற்று. வார்த்தை வந்தது.

அன்றைக்குப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். பிள்ளைகள் படித்தார்கள், பெற்றோர் கேட்டார்கள் என்று எழுதினேன். தீர்மானம் என்ற பத்தியில் அது பொருந்தாது என்று மேலிடத்தில் சொல்லக்கூடும் என்றார். இருக்கட்டும் என்றார் தலைவர். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எழுதியதை இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.